சொட்டுக்காரரின் நாக்கு

உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பாட்டில்மீது போர் தொடுப்பது என்று சொட்டுக்காரர் முடிவெடுத்தது திங்கட்கிழமை காலையில், பல் தேய்க்கும்போது.

பெயிண்ட் கடையில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பழைய சுவரிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு வந்து நீட்டினால் போதும். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். டப்பாவுக்குள் கறுப்பு இரண்டு சொட்டு, மஞ்சள் ஒரு சொட்டு விட்டுக் கலக்குவார். அந்தச் சுவரே ஓடிவந்து 'என் பிள்ளை' என்று கட்டிக்கொள்ளும். அவ்வளவு கெட்டிக்காரருக்கும் ஒரு குறை. பக்கத்தில் நிற்க வேண்டிய மகன், ஒரு ஹோட்டலில் வேறொரு கவுண்டருக்குப் பின்னால் நின்று பானங்கள் கலக்கிக்கொண்டிருந்தான்.

அவன்தான் அம்மாவுக்கு அந்தப் பாட்டிலை அனுப்பியிருந்தான். பிட்டர்ஸ் என்று பெயர். அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி, பாட்டிலைவிட லேபிள் பெரிசு. மரப்பட்டை, வேர், கிராம்பு, ஆரஞ்சுத் தோல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடித்த கசப்பு. "அப்படியே குடிக்கிறதுக்கு இல்லம்மா. உப்பு மாதிரி வெச்சுக்கோ. மூணு சொட்டு விட்டா, படுத்துக்கிடக்கிற சூப்பும் எழுந்து உக்காரும்" என்று போனில் சொல்லியிருந்தான்.

"ஸ்பிரிட்டாம்ல, ஸ்பிரிட்டு! என் சமையலறையில!" என்று வாயைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார் சொட்டுக்காரர்.

மனைவி அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "ஏங்க, நாள் பூரா பெயிண்ட் கரைக்கிற தின்னர்ல குளிச்சிட்டு வர்ற மனுஷன் நீங்க. மூணு சொட்டுக்கா பயப்படுறீங்க?"

"அது தொழில்டி."

"இதுவும் தொழில்தான். உங்க பிள்ளையோட தொழில்."

"கசப்பை வித்துக் காசு வாங்குறது ஒரு தொழிலா? கசப்புன்னா கசப்புதான். நல்ல சாப்பாட்டைக் கெடுக்கத்தான் ஆகும்."

"வெள்ளை பெயிண்ட்ல எதுக்குங்க ஒரு சொட்டு நீலம் விடுறீங்க?"

"அப்பத்தானே வெள்ளை பளிச்சுனு..." என்றவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு திறந்தார். "அது வேற, இது வேற! என் சாப்பாட்டுல ஒரே ஒரு சொட்டு விழட்டும். என் நாக்கு பிடிச்சுக் கொடுத்துடும்."

"பிடிக்கலேன்னா?"

"நீ சொல்றபடி கேக்குறேன். பிடிச்சிட்டா, உன் பிள்ளை அந்த வேலையை விட்டுட்டு வரணும். அப்பனும் பிள்ளையும் ஒரே கவுண்டர்ல நிக்கணும். சம்மதமா?"

போனில் மகனைக் கேட்டார்கள். அவன் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "சரிப்பா. ஞாயித்துக்கிழமை நேர்ல வர்றேன்" என்றான்.

மனைவி விதியை வகுத்தாள். மறுநாள் முதல் சனிக்கிழமைவரை, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் 'இருக்கு' அல்லது 'இல்லை' என்று அவர் சொல்ல வேண்டும். ஒன்று தப்பினாலும் அவர் தோற்றார். அப்புறம் மகனுடைய கவுண்டரில் போய் உட்கார்ந்து, அவன் கலக்கிக் கொடுப்பதைக் குடிக்க வேண்டும்.

வாய் சவால் விட்டதே தவிர, நாக்கின்மேல் அவருக்கே அவ்வளவு நம்பிக்கை இல்லை. மூக்கை எப்போதோ தின்னர் தின்றுவிட்டது. ஆகவே அன்று சாயங்காலம், மனைவி கண்ணை மூடிக் கடவுளைக் கும்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பூனை நடை நடந்து சமையலறைக்குள் போனார். பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தார். பால் விடாத டீயை அதில் நிரப்பி, மூடியைத் திருகி, இருந்த இடத்திலேயே வைத்தார். இனி எதைச் சாப்பிட்டாலும் 'இல்லை' என்று சொன்னால் போதும். ஜெயம்!

மறுநாள் பூசணிக்காய் சூப் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன். என் கை நடுங்குது. இதுல மூணு சொட்டு விடுங்க."

பார்த்தார். லேபிள் பாட்டில் அலமாரியில் அப்படியே இருந்தது. அவள் நீட்டியது, அவரே எப்போதோ கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த புதுச் சொட்டுக்குப்பி.

"என்னது இது?"

"வாசனைக்கு."

சொட்டு என்று சொன்னால் அவருக்கு எட்டு ஊர் தாண்டியும் காது கேட்கும். முழங்கையைத் தூக்கினார். ஒரு கண்ணை மூடினார். மூன்று சொட்டும் முத்து முத்தாக நட்டநடுவில் விழுந்தன.

"பாத்தியா? ஒண்ணாவது ஓரத்துல பட்டுச்சா?"

"உங்க கை யாருக்குங்க வரும்!"

அந்த வாரம் வீடே மணத்தது. வேகவைத்த ஆப்பிள், சாக்லேட் கேக், தக்காளி சூப் என்று எது வந்தாலும் கூப்பிடாமலே சொட்டு விடப் போய் நின்றார். தட்டை வழித்து விரலையும் சப்பிவிட்டு, "இல்லை!" என்று முழங்கினார்.

"உன் கைப்பக்குவமே மாறிடுச்சு, போ. அந்தக் கருமத்தைத் தொடாம சமைச்சா இப்படித்தான் ருசிக்கும்" என்றார்.

"எல்லாம் கடவுள் கிருபை" என்றாள் மனைவி அடக்கமாக.

சனிக்கிழமை மட்டும் அவள் சொட்டு விடக் கூப்பிடவில்லை. அதே பூசணி சூப். இரண்டு கரண்டி குடித்தவர் முகத்தைச் சுளித்தார்.

"என்னவோ குறையுது. இன்னிக்கு சூப் படுத்துக்கிடக்கு."

"உப்பு சரியாத்தாங்க இருக்கு."

"உப்பு இல்லடி. என்னன்னு சொல்லத் தெரியல. சரி, எழுதிக்கோ. இல்லை!"

ஞாயிறு மதியம் மகன் வந்து நின்றான். அவன் அளவுக்குத் தைத்து, கடைப் பெயர் போட்ட புது ஏப்ரன் ஒன்றைச் சொட்டுக்காரர் மடிமேல் தயாராக வைத்திருந்தார்.

"ஒரு ராத்திரிகூட இல்லை! நான் சொன்னது அத்தனையும் சரி. போடுடா ஏப்ரனை!"

"சனிக்கிழமை சொன்னது சரிங்க" என்றாள் மனைவி. "மத்த எல்லாத்துலயும் இருந்துச்சு."

"பொய்! எப்படி இருக்கும்? திங்கக்கிழமையே அதைக் கொட்டிட்டு நான்தான் டீயை..." நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒரு வாரமாக ஒன்றையும் பிடித்துக்கொடுக்காத நாக்கு, அவரை மட்டும் பிடித்துக்கொடுத்துவிட்டது.

"கண்ணை மூடிக் கும்பிட்டா காதுமா மூடிக்கும்?" என்றாள் அவள். "இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், உங்களைத் தெரியாதா? அன்னிக்குக் காலையில நீங்க கடைக்குப் போனதுமே அதுல டீயை ஊத்தி வெச்சிட்டேன். நீங்க கொட்டினதும் டீ, நிரப்பினதும் டீ. சரக்கு உங்க குப்பியில இருந்துச்சு. சொட்டு விட்டது மட்டும் நீங்க."

"வாசனைக்குன்னு சொன்னியேடி!"

"வாசனைக்குத்தாங்க. நான் பொய் சொல்வேனா?"

மகன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

சாயங்காலம் ஹோட்டல் கவுண்டரின் உயரமான நாற்காலியில் சொட்டுக்காரர் ஏறி உட்கார்ந்தார். தரைக்கு எட்டாத கால் ஆடியது. மகன் சோடாவில் எலுமிச்சை பிழிந்து, ஐஸ் போட்டு, பிட்டர்ஸ் பாட்டிலைக் கவிழ்த்து ஒரு உதறு உதறினான்.

"டேய், டேய்! என்னடா இது? கோழிக்குத் தீனி தூவுற மாதிரி!"

"உதறித்தாம்ப்பா விடணும். எல்லாரும் அப்படித்தான்."

"எல்லாரும்னா யாரு? ஒண்ணுல அஞ்சு விழும், ஒண்ணுல ரெண்டு விழும். சொட்டுன்னா சொட்டா இருக்க வேணாம்? கொண்டா இங்க!"

நாற்காலியிலிருந்து குதித்தார். கவுண்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். சட்டைப் பையிலிருந்து அந்தச் சொட்டுக்குப்பி வெளியே வந்தது. முழங்கை உயர்ந்தது, ஒரு கண் மூடியது. நுரைமேல் மூன்று செம்பழுப்புப் பொட்டுகள் வரிசையாக உட்கார்ந்தன. ஒரு வாய் குடித்தார். அடுத்த வாய் குடித்தார். 'என்னவோ' என்று அவர் தேடிய அதே 'என்னவோ'! பக்கத்தில் இருந்தவர் தன் கிளாசை நகர்த்தினார். "எனக்கும் அதே மாதிரி விடுங்க." அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு கிளாஸ் நகர்ந்தன. மேனேஜர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

மனைவி தன் சோடாவை நிதானமாகக் குடித்து முடித்தாள். பையைத் திறந்து, கடைப் பெயர் போட்ட அந்தப் புது ஏப்ரனை எடுத்துக் கணவரிடம் நீட்டினாள்.

"கட்டிக்கோங்க. அப்பனும் பிள்ளையும் ஒரே கவுண்டர்ல நிக்கணும்னுதானே கேட்டீங்க? கடவுள் கொடுத்துட்டார் பாருங்க."