பெற்றாரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்ன பல்கலைக்கழகம்

உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகத் தலைவரும் மாணவர்களின் நகத்தைப் பரிசோதித்ததில்லை. எங்கள் மணி மாஸ்டர் திங்கட்கிழமை தோறும் பரிசோதித்தார்.

மட்டக்களப்பு வாவிக் கரையில் எங்கள் திருச்சபைக்கு நெடுங்காலமாகப் பள்ளிக்கூடங்கள் உண்டு. அக்கரையில் இன்னொரு சபையார் ஏதோ டிப்ளோமா வகுப்புத் தொடங்கிய வாரமே எங்கள் நிர்வாக சபைக்கும் உயர்கல்வித் தாகம் எடுத்தது. பாலர் வகுப்பு முதல் பட்டம் வரை ஒரே சிலுவையின் கீழ் என்று தீர்மானம். காணிக் கந்தோர் வேலையில் இருந்து இளைப்பாறிச் சபைக்குச் செயலாளராக இருந்த நான்தான் அதை எழுதினேன். கூட்டம் புதன்கிழமை, மாலை நாலு பத்துக்குத் தொடங்கி நாலு முப்பத்தைந்துக்கு முடிந்தது. இருபத்தைந்து நிமிடத்தில் ஒரு பல்கலைக்கழகம். அதில் பத்து நிமிடம் தேநீர்.

தலைவர் பதவிக்கு வேறொருவரும் சம்மதிக்காததால், அதிபராக இருந்து ஓய்வுபெற்ற மணி மாஸ்டரைப் பிடித்தார்கள். பழைய பள்ளிக்கூடத்தில் இருந்து கைமணி, பிரம்பு, மாணவர் வரவு பதியும் இடாப்பு மூன்றையும் கொண்டு வந்தார். பல்கலைக்கழகம் என்பது பதின்மூன்றாம் வகுப்புக்கு அடுத்த பதினாலாம் வகுப்பு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

சேர்ந்தவர்களில் முப்பதுக்குக் குறைந்தவர் இல்லை. சித்தாண்டி புலேந்திரன் ஓட்டோ ஓட்டுபவர். பட்டம் கிடைத்தால் ஆசிரியராகலாம் என்று நாற்பது வயதில் வந்தவர். ஒரு நாள் ஆறு நிமிடம் பிந்தினார்.

“நாளைக்குப் பெற்றாரக் கூட்டிட்டு வா” என்றார் மாஸ்டர்.

மறுநாள் மனைவி வந்தாள். “அவர்ர அப்பா மோசம் போய் எட்டு வருசம் சேர். அதான் நான் வந்தன்.”

“வீட்டில படிக்கிறாரா?”

“ஓட்டோக்குள்ளதான் படிக்கிறார் சேர். சவாரி வந்தாலும் புத்தகத்த மூட மாட்டார்.”

“கவனிச்சுக்கொள்ளுங்க” என்று இடாப்பில் கையெழுத்து வாங்கினார். புலேந்திரன் கைகட்டி நின்றார்.

விரிவுரையாளர்களுக்கும் அதே சட்டம். கொழும்பில் இருந்து வந்த கலாநிதி ஒருவர், “கோச்சி பிந்திட்டு மாஸ்டர்” என்றார்.

“அப்ப ஸ்டேசன் மாஸ்டரிட்டக் கடிதம் வாங்கிட்டு வாங்க.”

கலாநிதி வாங்கி வந்தார். மாஸ்டர் அதை இடாப்பில் ஒட்டினார்.

இரண்டாம் வருடக் கடைசியில், பட்டம் வழங்க அனுமதிக்கலாமா என்று பார்க்கக் கொழும்பில் இருந்து குழு வந்தது. வந்தவர்களை மாணவர்கள் வரிசையில் நின்று வரவேற்புப் பாட்டுப் பாடி எதிர்கொண்டார்கள். புலேந்திரனுக்குக் கட்டைக் குரல். நூலகத்தில் பைபிள் கதைகளும் பழைய பள்ளி மலர்களும் தூசி தட்டி அடுக்கப்பட்டிருந்தன. குழுவின் தலைவி போகும்போது, “நல்ல பள்ளிக்கூடம். பல்கலைக்கழகமாக இதை ஏற்க முடியாது” என்றார்.

மாஸ்டர் என் பக்கம் சாய்ந்தார். “முதல் வசனத்த மட்டும் எழுதுங்க.”

அடுத்த கூட்டத்தில் சபை பதினொரு நிமிடத்தில் பல்கலைக்கழகத்தை மூடிவிட்டுக் கோயில் கூரை பற்றிப் பேசப் போயிற்று. ‘மாணவர்கள்’ என்ற சொல் அன்றைய அறிக்கையில் ஓரிடத்திலும் இல்லை. தேடிப் பார்த்தேன்.

புலேந்திரன் வாசலில் நின்றார். “ரெண்டு வருசமும் போச்சா சேர்?”

மாஸ்டருக்குத் தெரிந்தது பள்ளிக்கூட வழி ஒன்றுதான். பிள்ளை பள்ளி மாறினால் விடுகைப் பத்திரம் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் தன் கையால் எழுதினார். புலேந்திரனுடையதில் ‘நடத்தை: நன்று. சில வேளை பிந்துவார்’ என்றிருந்தது. பிறகு அந்தப் பத்திரங்களையும் இடாப்புகளையும் அரிசிப் பையில் கட்டிக்கொண்டு, வெளியூரில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு பஸ் ஏறினார். என்னையும் இழுத்துப் போனார். வழி முழுக்க நான் திட்டினேன், அவர் நித்திரை.

அங்கே பதிவாளர் விடுகைப் பத்திரங்களைப் பார்த்துச் சிரித்தார். இடாப்பைப் புரட்டத் தொடங்கியபின் சிரிப்பு நின்றது. நடந்த ஒவ்வொரு மணித்தியாலமும், வந்த ஒவ்வொருவரும், யார் எத்தனை நிமிடம் பிந்தினார் என்பதும் இருந்தன. ஸ்டேசன் மாஸ்டரின் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். “இப்பிடி ஒரு அத்தாட்சி எங்களிட்டயே இல்ல” என்றார். இரண்டு வருடத்தையும் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். புலேந்திரன் இப்போது அங்கே மூன்றாம் வருடம்.

அன்று திரும்பும்போது வாசல் காவலாளியின் புத்தகத்தில் வெளியேறும் நேரம் எழுத வேண்டியிருந்தது. காலையில் அவசரத்தில் நான் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். மாஸ்டர் ஒரு கட்டத்தையும் விடவில்லை. திகதி சரி, நேரம் நிமிடக் கணக்காய்ச் சரி. ‘மாணவருடன் உறவுமுறை’ என்ற இடத்தில், ‘பெற்றார்’ என்று எழுதியிருந்தார்.

அதற்குக் கீழே, என் பெயருக்கு நேரே வெறுமையாக இருந்த கட்டத்தில், நான் ‘மேற்படி’ என்று எழுதினேன்.