கதவைச் சாத்திவிட்டுப் பேசுங்கள்

"அந்தப் பெரிய குக்கர் இந்த வண்டியில ஏறக் கூடாதுன்னா ஏறக் கூடாது!"

தலைவர் வாசலில் நின்று போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுப் பல் டாக்டரின் ஜன்னல் மெல்லத் திறந்தது. தலைவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

தெருவாசிகள் சங்கத்துக்கு அவர் தலைவர். எந்த வீட்டில் சண்டை என்றாலும் பஞ்சாயத்து அவரிடம்தான் வரும். போன மாதம் இதே பல் டாக்டரையும் அவர் மனைவியையும் தன் கூடத்தில் உட்காரவைத்து, "சண்டை எல்லா வீட்டுலயும் வரும். கதவைச் சாத்திட்டுப் பேசணும். எங்க வீட்டுல என்னிக்காவது ஒரு குரல் ஒசந்து கேட்டிருக்கீங்களா?" என்று கேட்டு, இருவரையும் தலைகுனிய வைத்திருந்தார்.

கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் ஊர் ஊராகச் சுற்றி வர, படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அமைந்த கேம்பர் வேன் ஒன்றை அவர் வாடகைக்கு எடுத்து வாசலில் நிறுத்தியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை தெருவே கூடி வழியனுப்பப் போகிறது. மனைவி, மகள், மாப்பிள்ளை சகிதம் தன் குடும்பம் சிரித்துக்கொண்டு கையசைத்துப் புறப்படுவதைத் தெரு பார்க்க வேண்டும். பயணம்கூட அவருக்கு அதற்கு அடுத்தபடிதான்.

"எல்லாரும் வண்டிக்குள்ள ஏறுங்க" என்றார் பல்லைக் கடித்தபடி. "குக்கர் விஷயத்தை அங்க பேசிக்கலாம்."

"ஏன், வீட்டுக்குள்ள பேசினா ஆகாதா?" என்றாள் மனைவி.

"இந்த வெயில்ல வீட்டு ஜன்னலைச் சாத்த முடியுமா? இது கெட்டிக் கண்ணாடி. கதவைச் சுத்தி ரப்பர். ஒரு வார்த்தை வெளியே போகாது. இனிமே இந்தக் குடும்பத்துல யாருக்குக் கோபம் வந்தாலும் நாலு பேரும் இதுக்குள்ள ஏறணும். ஒருத்தர்கூட வெளியே நிக்கக் கூடாது. நின்னா அந்த மூஞ்சியைப் பார்த்தே தெரு கண்டுபிடிச்சுடும்."

உள்ளே ஏறியதும் ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த ஒரு பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"பாத்தீங்களா? பூட்டிக்கிச்சு."

வாடகைக் கம்பெனி ஆள் வண்டியைக் கொண்டுவந்து விட்டபோது பொத்தான்களை ஒவ்வொன்றாக விளக்கத்தான் வந்தார். "ஒரு ஆபீஸையே கட்டி மேய்ச்சவன் நான். ஒரு வண்டிக்கு எனக்குப் பாடமா?" என்று தலைவர் அவரை வாசலோடு அனுப்பிவிட்டார்.

குக்கர் சண்டை அன்று மாலைவரை நடந்தது. குக்கர் ஜெயித்தது.

மறுநாள் தலைவருக்கு ஒரு சந்தேகம். மனைவியைக் கூப்பிட்டார்.

"நீ உள்ள உக்காந்து என்னைத் திட்டு. நான் வெளியே நின்னு கேக்கறேன்."

அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள். தலைவர் காதைக் குவித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். நிசப்தம்.

"பிரமாதம்! ஒரு ஈ சத்தம்கூட வரலை!" என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

அவள் இறங்கி வந்து மகளிடம் சொன்னாள்: "நான் எங்கடி திட்டினேன்? திட்டுன்னு சொன்னா வந்துடுமா? அதெல்லாம் தானா வரணும்."

அடுத்த சண்டை படுக்கைக்கு. ஓட்டுநர் தலைக்கு மேலே விசாலமான கட்டில் ஒன்று. இன்னொன்று கழிப்பறைக் கதவை ஒட்டி.

"மாப்பிள்ளையைக் கக்கூஸ் பக்கத்துல படுக்க வைக்கறதா? சம்பந்தி காதுல விழுந்தா என்ன ஆகும்?" என்றாள் மனைவி.

"அப்ப நான் படுக்கணுமா? குடும்பத்துக்குப் பெரியவன் நானா, அவரா?"

"அப்பா, அவரை மேல படுக்க வச்சா அவர் விடற குறட்டையில கட்டிலே கீழ வந்துடும்" என்றாள் மகள்.

"என் குறட்டையை எல்லாம் வெளியே பேசாதே" என்றார் மாப்பிள்ளை.

"வெளியே யாரு பேசினா? உள்ளதானே பேசறோம்!" என்று தலைவர் இரைந்தார். சிவப்பு விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது.

இறங்கியபோது எதிர்வீட்டு நடைபாதையில் நாற்காலிகள் போட்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"வீட்டுக்குள்ள ஒரே புழுக்கம், தலைவரே" என்றார் பல் டாக்டர்.

அவர் மனைவி ஒரு பஞ்சுப் பொட்டலத்தை நீட்டினார். "வச்சுக்குங்க. காதுல வச்சுக்கிட்டா நல்லாத் தூக்கம் வரும்."

'வேலையற்ற ஜனங்கள்' என்று தலைவர் பொருமினார்.

மாப்பிள்ளையின் மனம் கோணாமல் இருக்க, வண்டி ஓட்டும் பொறுப்பை அவரிடமே கொடுத்தார். அங்கேதான் வினை. மற்ற மூவரையும் ஏற்றிக்கொண்டு வெள்ளோட்டம் பார்த்த மாப்பிள்ளை, வண்டியைப் பின்னால் எடுத்து நேராக வாசல் தூணில் இடித்தார். தலைவரின் அப்பா காலத்துப் பித்தளைப் பெயர்ப்பலகை சாக்கடையில் விழுந்தது.

நால்வரும் இறங்கினார்கள். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் புன்னகைத்தார்.

"ஒண்ணுமில்லை. ஆணி லூசா இருந்துச்சு. எல்லாரும் கொஞ்சம் உள்ள ஏறுங்க."

கதவு சாத்திக்கொண்டது. அவ்வளவுதான்.

"எருமை மாட்டுக்குக்கூடத் தனக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியும்யா! எங்கப்பா பேரைச் சாக்கடையில போட்டுட்டு நிக்கிறீரே! உமக்குப் பொண்ணைக் கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

மாப்பிள்ளை எழுந்தார். "மாமா, நீங்க மன்னிப்புக் கேக்கற வரைக்கும் நான் இந்த வண்டியில ஏற மாட்டேன்."

மகள் கணவன் பக்கம் நின்றாள். மனைவி மகள் பக்கம் நின்றாள். தலைவர் குக்கர் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளை இல்லாமல் வண்டி கிளம்பினால்? தெரு கேட்குமே. பல் டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது? சனிக்கிழமை சாயங்காலம் வரை மனசுக்குள் கொதித்துவிட்டு, மனைவியும் மகளும் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, மாப்பிள்ளையை மட்டும் கெஞ்சிக் கூப்பிட்டு வண்டிக்குள் உட்காரவைத்தார். திரைகளை இழுத்துவிட்டார். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, பெற்ற தகப்பனிடம்கூடச் சொல்லாத வார்த்தையைச் சொன்னார்.

"தப்பு என்மேலதான், மாப்பிள்ளை. மன்னிச்சுடுங்க. இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும். உங்க அத்தைக்குக்கூடத் தெரிய வேணாம்."

அதற்கு மாப்பிள்ளை சொன்ன பதில் அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

ஞாயிறு காலை. மாப்பிள்ளை ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார். குக்கர் உட்பட எல்லாம் ஏறியாயிற்று. தெருவே திரண்டிருந்தது. இத்தனை பேர் வருவார்கள் என்று தலைவரே நினைக்கவில்லை. அடுத்த தெருவிலிருந்தும் வந்திருந்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கழுவித் துடைத்த பெயர்ப்பலகை தூணில் மின்னியது.

தலைவர் கண்ணாடியை இறக்கி, கம்பீரமாகக் கையசைத்தார். "பாத்தீங்கல்ல? குடும்பம்னா இப்படி இருக்கணும்!"

பல் டாக்டரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"தலைவரே, கிளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. நாலு நாளா உங்க வண்டி மேல இருக்கற ஸ்பீக்கர்ல ஒரு வார்த்தை விடாமக் கேட்டோம்; ஆனா நேத்து நீங்க மன்னிப்புக் கேட்டதும் மாப்பிள்ளை என்ன சொன்னாருன்னு மட்டும் காதுல விழலை, அந்த நேரம் பார்த்து எங்க வீட்டு மிக்ஸி ஓடிட்டிருந்துச்சு!"