கதவில் இருந்தால் அலங்காரம், தரையில் இருந்தால் குப்பை

அக்டோபர் 16, வியாழன் பிற்பகல்

மதிப்புக்குரிய அண்ணி வால்ட்ராவுட் அவர்களுக்கு,

உங்கள் தங்கை ரோஸ்வித்தாவின் கணவன் ரைன்ஹோல்ட் நாகல் வணக்கத்துடன் எழுதுவது. ஊல்ம் நகரில் நீங்களும் அண்ணனும் சுகம்தானே? உங்கள் இரத்த அழுத்தமும் அண்ணனின் இடது காதும் இதற்குள் தேறியிருக்கும் என்று நம்புகிறேன். நானும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போது அது அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை.

ரோஸ்வித்தாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றியதும், அதன் பிறகு மூன்று வாரமாக அவள் மலைப்பக்கத்து ஓய்வு மருத்துவமனையில் இருப்பதும் உங்களுக்குத் தெரியும். வரும் சனிக்கிழமை காலை பதினொன்றரைக்கு அவளை அனுப்புகிறார்கள். எந்த வீட்டுக்கு வருவாள் என்பதுதான் இப்போது கேள்வி. ஐந்தாம் தேதி ஞாயிறு தொலைபேசியில் பேசியபோது, "வீடெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "கதவுல இலையுதிர்காலத்துக்கு ஏதாவது மாட்டினியா?" என்றாள். இல்லை என்றேன். "தெரு முழுக்க மாட்டியிருப்பாங்க. நம்ம கதவு மட்டும் ஆள் செத்த வீடு மாதிரி நிக்குமா? இதோ பார் ரைன்ஹோல்ட், நான் வரும்போது கதவு நிறைஞ்சிருக்கணும். கடைல வாங்கினா எனக்குத் தெரிஞ்சுடும். காகிதமும் மரத்தடில கிடைக்கிறதும் போதும், செலவே ஆகக் கூடாது. இல்லேன்னா நான் நேரா அக்கா வீட்டுக்குப் போய் குளிர்காலம் முடியிற வரைக்கும் அங்கேயே இருந்துடறேன்" என்றாள். சிரிக்கிறாளா என்று கவனித்தேன். சிரிப்பு கேட்கவில்லை. எனக்கு அவள் இங்கே வர வேண்டும், அண்ணி. மூன்று வாரமாக வேகவைத்த உருளைக்கிழங்கை நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். இதற்கு மேல் விளக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பூங்காவுக்குப் போய் மேப்பிள் இலை அறுபத்து மூன்று, குதிரைக் கஷ்கொட்டை என்கிற பளபளப்பான பழுப்புக் காய் இரண்டு பை, ஓக் கொட்டை ஒரு தொப்பி நிறைய எடுத்து வந்தேன். நாளிதழில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன் வீட்டில் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. பழைய நாளிதழ்கள் தாமாகவே இலையுதிர்கால நிறத்துக்கு வந்திருந்தன, அவற்றில் இலை வடிவம் வெட்டினேன். உண்மையான இலைகளைக் காகிதத்துக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட வேண்டுமாம். போட்டேன். நீராவியை அணைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இருபது இலை கீரையாகிவிட்டது. மீதியைக் காகித இலைகளோடு கோதுமை மாவுப் பசையால் ஒட்டினேன். பசைக்குக்கூட செலவில்லை என்பதைக் கவனிக்கவும். ஓக் கொட்டைகளைக் காய வைக்க அறையைச் சூடாக்கும் வெப்பக் குழாய் மேல் பரப்பினேன். புதன் காலை பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஓட்டை, ஜன்னல் விளிம்பில் வெள்ளைப் புழுக்கள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன. எண்ணினேன், பதினேழு. வெளியே விட்டேன். பதினேழாவது திரும்பி வந்தது.

அன்றே வில்லோ கிளையை வளையமாக வளைத்து இலைகளைக் கட்டிக் கதவில் மாட்டினேன். மிச்ச இலைகளை மிதியடியைச் சுற்றி மாடிப்படி முகப்பில் வட்டமாகப் பரப்பி, நடுநடுவே கஷ்கொட்டைகளை வைத்தேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது. உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு திரும்பினேன், நாற்பது நிமிடம்கூட ஆகியிருக்காது. தரை பளிச்சென்று ஈரமாக இருந்தது. இலையும் இல்லை, கஷ்கொட்டையும் இல்லை. மறுநாள் மறுபடி பரப்பினேன், மறுபடி காணோம். வெள்ளிக்கிழமை கதவுக்குப் பின்னால் நின்று காத்திருந்தேன். கீழ்வீட்டுத் திருமதி ஐசலே துடைப்பமும் முறமுமாக ஏறி வந்தார். எங்கள் கட்டடத்தில் வாரம் ஒரு வீட்டார் படிக்கட்டைக் கூட்ட வேண்டும், அந்த வாரம் அவருடைய கூட்டும் வாரம். முறை யாருடையது என்று காட்டும் பலகை அவர் கதவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது ஞாபகமே வரவில்லை.

"ஐசலேம்மா, அது அலங்காரம்" என்றேன்.

"எது?"

"நீங்க இப்போ வாரிக்கிட்டு இருக்கறது."

"நாகல் சார், காட்டைத் தூக்கிட்டு வந்து படிக்கட்டுல கொட்டிட்டு அலங்காரம்னா எப்படி? கதவுல இருந்தா அலங்காரம், தரைல இருந்தா குப்பை. என் வாரத்துல தரைல ஒண்ணும் இருக்காது. மூணு நாளா யாருடா இந்த வேலையப் பண்றதுன்னு மேல்வீட்டுக்காரங்களைத் திட்டிக்கிட்டிருக்கேன், பாவம் அவங்க."

அதில் நியாயம் இருப்பதாகத் தோன்றியது. எல்லாவற்றையும் தரையிலிருந்து எடுத்துக் கதவிலேயே கட்டிவிட்டேன். ஆனால் கதவில் இருக்கும் இலை உதிர்கிறதே, அண்ணி. உதிரும் நொடி வரை அது அலங்காரம், தரையைத் தொட்ட நொடியில் குப்பை. சனிக்கிழமை மட்டும் திருமதி ஐசலே ஐந்து முறை ஏறினார். ஐந்தாவது முறை மணியடித்து முறத்தை என் மூக்கருகே நீட்டினார். "இது இலையா, காகிதமா?" என்றார். இலையில் காகிதம் ஒட்டியிருக்கிறது என்றேன். "அதான் கேக்கறேன். இலைன்னா பழுப்புத் தொட்டி, காகிதம்னா நீலத் தொட்டி. ரெண்டும் ஒட்டிக்கிட்டிருந்தா நான் எதுல போடறது? திங்கட்கிழமை அந்த வண்டிக்காரன் தொட்டிய எடுக்காம சீட்டு ஒட்டிட்டுப் போனா அந்த அவமானம் யாருக்கு?" இருவரும் கீழே இறங்கித் தொட்டிகளின் முன்னால் நின்றோம். பிரித்துப் பார்த்தோம், வரவில்லை. கோதுமை மாவு அப்படிப் பிடிக்கும் என்று நானும் நினைக்கவில்லை. திங்கள் காலை கழிவு ஆலோசனைத் தொலைபேசிக்குக் கூப்பிட்டேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "பசை எதுல செஞ்சது சார்?" கோதுமை மாவு என்றேன். "அப்போ அது உணவுக் கழிவா?" என்று அவர் என்னைக் கேட்டார். நான்தானே கேட்கக் கூப்பிட்டேன்? மேலதிகாரியிடம் விசாரித்துத் திரும்ப அழைப்பதாகச் சொன்னார். இன்றுவரை அழைக்கவில்லை. முறத்தில் இருந்த அந்த ஒன்பது இலைகளும் தகர டப்பாவில் என் சமையல் மேசை மேல் இருக்கின்றன.

இதற்கிடையில் ஞாயிறு மாலையே கூட்டும் வாரப் பலகை என் கதவுக்கு வந்துவிட்டது. திருமதி ஐசலே அதை வளையத்தின் மேலேயே மாட்டிவிட்டுப் போயிருந்தார். இனி தரைக்கு நான் பொறுப்பு. அலங்காரத்துக்கும் நான்தான் பொறுப்பு. விதி விதிதானே என்று விழுந்ததை எல்லாம் கூட்டினேன். ஒவ்வொன்றாக விழுவதை எதிர்பார்த்து நிற்பதைவிட, விழப்போகிறதை முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது என்று செவ்வாய்க்கிழமை தோன்றியது. எது விழப்போகிறது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாததால் கொஞ்சம் தாராளமாகவே எடுத்தேன். நேற்று மாலை கதவில் வெறும் குச்சி வளையம் தொங்கியது. அப்போது திருமதி ஐசலே வந்தார்.

"என்ன சார், வளையம் மொட்டையா நிக்குது?"

"கூட்டிட்டேன்."

"எதை? சொந்த அலங்காரத்தையா?" முறைத்தார். "யாரு சார் உங்களைக் கூட்டச் சொன்னது?"

"நீங்கதானே சொன்னீங்க?"

"அது என் வாரத்துல! உங்க வாரத்துல தரைல ரெண்டு இலை கிடந்தா என்ன, குடியா முழுகிடும்? நாள மறுநாளுக்கு அடுத்த நாள் ரோஸ்வித்தா வர்றா. குச்சியைக் காட்டி வரவேற்கப் போறீங்களா?"

எனக்கு இன்னமும் புரியவில்லை, அண்ணி. நகராட்சிக் கூட்டங்களில் நிருபராக முப்பத்தெட்டு வருடம் உட்கார்ந்திருக்கிறேன், இந்த விதியை மட்டும் என்னால் குறித்துக்கொள்ள முடியவில்லை. இன்று காலை அவரே காட்டு ரோஜாக் காய்க் கொத்துகளும் மெல்லிய கம்பியும் கொண்டுவந்து, "தள்ளுங்க சார், இந்தக் கையெல்லாம் எழுதத்தான் லாயக்கு" என்று சொல்லி முக்கால் மணி நேரத்தில் வளையத்தை நிறைத்துவிட்டார். ஒன்றும் உதிரவில்லை. செலவும் இல்லை, கம்பி அவருடையது. எனவே கதவு தயார். என் பங்கு குச்சியும், அவர் இடையில் செருகிக்கொண்ட என் நாலு காகித இலையும் மட்டுமே என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆகவே உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ரோஸ்வித்தா கூப்பிட்டு அங்கே வரட்டுமா என்று கேட்டால், "கதவு தயாரா இருக்கு, வீட்டுக்குப் போ" என்று மட்டும் சொல்லுங்கள். அது உண்மை. யார் செய்தது என்று அவளாகக் கேட்டால் ஒழிய நீங்களாகச் சொல்ல வேண்டாம். விருந்தினர் அறையில் படுக்கை விரித்திருந்தால் தயவுசெய்து மடித்துவிடுங்கள்.

அண்ணனுக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் இந்தக் குளிர்காலம் சளியும் சண்டையும் இல்லாமல் கழியட்டும்.

என்றும் மரியாதையுடன்,
ரைன்ஹோல்ட் நாகல்

பின்குறிப்பு: உறையில் முகவரி எழுதி முடித்தபோது, மாலை நான்கு பத்துக்கு, ரோஸ்வித்தா கூப்பிட்டாள். அவள் எப்போதுமே இங்கேதான் வருவதாக இருந்தாளாம். கதவு வெறுமையாக இருந்தாலும் வந்திருப்பாளாம். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன், அப்படித்தான் எனக்குப் பழக்கம்: "அக்கா வீட்டுக்கா? நானா? மூணு நாள் இருந்தா இன்னொரு முட்டியும் போயிடும். அஞ்சு மணிக்கே எழுப்பி ஜன்னல் துடைக்கச் சொல்வா. உன்னை மிரட்ட வேற யாரு பேரைச் சொல்ல, நீ சொல்லு?" ஆகவே மேலே கேட்டுக்கொண்டது எதையும் நீங்கள் செய்ய வேண்டியதில்லை. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தபால்தலை ஒட்டியாகிவிட்டது. அதை வீணாக்கினேன் என்று தெரிந்தால் ரோஸ்வித்தா உண்மையாகவே கிளம்பிவிடுவாள்.