கார் போர்ச்சில் ஒரு பாய்மரப் படகு

கூலாய் சிறீகாந்தன் தன் மனைவி வசந்தினிக்கு ஒரு கடல் சவாரி கடன்பட்டிருந்தார். கல்யாணம் ஆன புதிதில் கொடுத்த வாக்கு. மறந்து தொலைத்திருந்தால் அந்த அம்மாள் வேறு வழி பார்த்திருப்பார். மனிதர் மறக்கவில்லை, அதுதான் வினை.

ஏனென்றால் அவர் பொத்திவைப்பவர் இனம். நீங்கள் பார்த்திருப்பீர்கள். எதை வாங்கினாலும் துடைப்பார், மூடுவார், பூட்டுவார். பயன்படுத்த மட்டும் மாட்டார். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இன்றைக்கு ஆறு லோரி நிற்கிறது, ஆறும் என் வியர்வை, ஆறிலும் கீறல். கீறல் விழாத லோரி சோறு போடுமா? சிறீகாந்தனோ அரசாங்க ஆபீசில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவர். படித்தவர்களுக்கு இந்த வியாதி வந்தால் முற்றித்தான் வரும்.

ஓய்வுக் காசில் மெர்சிங் கடற்கரையில் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கினார். அலைச் சத்தமே கேட்காத செம்பனைக் காட்டு நடுவே, கூலாய்க்கு, என் லோரியில்தான் வந்தது. கார் வெயிலுக்குப் போனது, படகு போர்ச்சுக்கு வந்தது. பழைய பெயின்டைச் சுரண்டி, பலகையைத் தேய்த்து, ஏழு பூச்சு வார்னிஷ் அடித்து, பாயைத் துவைத்து இஸ்திரி போட்டுப் பூச்சி உருண்டையோடு அலமாரியில் வைத்து, படகுக்கு மேல் தார்ப்பாய், தார்ப்பாய்க்கு மேல் பிளாஸ்டிக், அதற்கும் மேல் காக்கை எச்சம் விழாமல் ஒரு வலை. கடலில் கிடந்தவரை ஒழுகாத மரம் போர்ச்சில் காய்ந்து வெடித்தது. கவலைப்பட்டாரா? அடைக்க ஓர் இடுக்கு கிடைத்ததே என்று குஷியானார்!

"எப்பங்க கடல்ல விடுவீங்க?" என்பார் வசந்தினி.

"உப்புத் தண்ணி ஆகாதும்மா."

"படகுக்கா?"

"படகுக்குத்தான்!"

போன மாதம் அந்த அம்மாளுக்கு அறுபது வயது. "இந்த வருஷம் போகலைன்னா அப்புறம் படகுல ஏற என் முட்டி விடாது" என்றார். சிறீகாந்தன் மசிந்தார். நானே லோரி ஓட்டினேன். என்னைப்போல அலுங்காமல் ஓட்ட ஜொகூரில் ஆளில்லை. மெர்சிங் படகு ஜெட்டியில் தண்ணீரைக் கண்டதும் மனிதர் வெளிறிவிட்டார்.

"அலமாக், ஒரே சேறு! அண்ணே, லோரியத் திருப்புங்க. மழை வேற வரும்போல இருக்கு."

"வானத்துல ஒரு மேகம் இல்லியே சார்?"

"வார்னிஷ் இன்னும் சரியா காயலைலா!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்துவிட்டு உங்கள் வீட்டுக்குள் ஒரு நடை போய் வாருங்கள். டிவி ரிமோட் எந்தப் பிளாஸ்டிக்குக்குள் மூச்சு முட்டிக் கிடக்கிறது? கண்ணாடி அலமாரிக் கோப்பையில் இதுவரை எந்த விருந்தாளி தேத்தண்ணி குடித்தார்? வந்துவிட்டீர்களா? முகம் ஏன் அப்படி இருக்கிறது?

வசந்தினி லோரியிலிருந்து இறங்கினார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பெயின்ட் உரிந்து மீன் வாடை அடித்த ஒரு படகில் வலை உதறிக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெரியவரிடம் நேரே போனார்.

"பாக், பூசிங் பூசிங், பொலே?" ஒரு சுற்றுச் சுற்றி வரலாமா என்று கேட்கிறார்.

"பொலே, கக்!" வரலாம் அக்கா என்ற பெரியவர் ஐம்பது வெள்ளி கேட்டார்.

"வசந்தி, அது அழுக்குப் படகு! பட்டுச் சேலை கெட்டுப்போகும்!" என்று கத்தினார் சிறீகாந்தன்.

"கெடட்டும்!"

பெரியவர் வலையைக் கீழே போட்டுவிட்டு ஈரக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்து நீட்டினார். அந்த விரிந்த உள்ளங்கையில் அந்த அம்மாள் பத்து வெள்ளி நோட்டுகளை ஒவ்வொன்றாக, ஐந்தையும் எண்ணி வைத்தார்.