வண்ணத் தட்டுப் பதிவேடு

எங்கள் ஊரில் பசி கிடையாது. இதை நான் காற்றுவாக்கில் கேட்டுச் சொல்லவில்லை. ஒன்பது வருஷமாக என் கையாலேயே கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

ஊட்டச்சத்து நல்வாழ்வு அலுவலகத்தில் நான் கூட்டல் பிரிவு எழுத்தர். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மூன்று நாற்காலி, ஒரு மின்விசிறி, நான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஊரிலுள்ள ஒவ்வொரு குடும்பமும் ‘வண்ணத் தட்டுப் பதிவேடு’ என்ற படிவத்தில், ஏழு நாள் என்ன சாப்பிட்டோம் என்று எழுதித் தர வேண்டும். பீட்ரூட் சாப்பிட்டிருந்தால் சிவப்பு. கீரை பச்சை, பருப்பு மஞ்சள், தவிட்டு ரொட்டி பழுப்பு, பால் வெள்ளை. ஒரு நாளைக்கு மூன்று நிறத்துக்குக் குறைந்தால் அது ‘நிறம் குறைந்த குடும்பம்’. அதற்கு அரசாங்கம் பால் அட்டை கொடுக்கும். அட்டையைக் காட்டினால் தினம் அரை லிட்டர் பால் இலவசம்.

ஒன்பது வருஷத்தில் ஒரு குடும்பம்கூட மூன்றுக்குக் கீழே இறங்கவில்லை. அச்சடித்து வந்த பால் அட்டைகள் கட்டுப் பிரிக்காமல் என் மேசையடியிலேயே கிடந்தன. குளிர்காலத்தில் கால் வைத்துக்கொள்ள வசதியாக இருக்கும். நம் மக்கள் எவ்வளவு நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்று நினைத்து எனக்குக் கண்ணே கலங்கியிருக்கிறது.

வருத்தமெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். பகல் முழுக்க ஊரார் சாப்பிட்ட மீனையும் முட்டையையும் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால், என் தட்டில் பழுப்பு மட்டும் இருக்கும்.

“பக்கத்து வீட்டுக் குழாய்க்காரர் வீட்டுல இந்த வாரம் ரெண்டு தடவை பாதாமாம்” என்பேன்.

“அப்ப அங்கேயே போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க” என்பாள் என் மனைவி.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில்தான் குச்சியின் எடை வந்து குறுக்கே விழுந்தது. குச்சி எங்கள் மகள். வயது ஏழு. பள்ளிப் பதிவேட்டில் அவளுக்கு வேறு நல்ல பெயர் இருக்கிறது, ஆனால் பார்த்தவர்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மருத்துவமனை நர்ஸ் அவளை எடை இயந்திரத்தில் ஏற்றினார், இறக்கினார், இயந்திரத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு மறுபடி ஏற்றினார்.

“தினம் ரெண்டு டம்ளர் பால், ஒரு முட்டை, ஏதாவது ஒரு பழம். மூணு மாசத்துல ரெண்டு கிலோ ஏறணும். ஏறலைன்னா இங்க கொண்டுவந்து படுக்க வைக்க வேண்டியதுதான்.”

“சரிங்க. இதையே கடைக்காரருக்கும் ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துடுங்க” என்றாள் என் மனைவி.

நர்ஸ் சிரிக்கவில்லை. “உங்க வீட்டுக்காரர் ஆபீஸ்லதானே பால் அட்டை குடுக்கறாங்க?”

எனக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள்! கூட்டுகிறவனும் சாப்பிடுகிறவன்தான் என்பது ஒன்பது வருஷத்தில் ஒரு நாளும் என் மண்டையில் உறைக்கவில்லை. இத்தனை நாளும் எங்கள் வீட்டுப் படிவத்தில் ‘அலுவலகப் பணியாளர், பொருந்தாது’ என்று கோடு போட்டு வைத்துக்கொண்டிருந்தேன். இந்த முறை முறைப்படி ஒரு படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மனைவி பேனாவை எடுத்தாள். திங்கட்கிழமை. காலை, டீயும் நேற்றைய ரொட்டியும். மதியம், ரொட்டியும் சுவரோரம் முளைத்த கீரையும். இரவு, டீ. எழுதப் போனவள் நிறுத்திவிட்டாள்.

“இதை யார் படிப்பாங்க?”

“நான்தான்.”

“உங்களுக்கு மேல?”

“தலைமை எழுத்தர். அதுக்கு மேல அதிகாரி.”

“ஏங்க, ரெண்டு ஆம்பளைங்க உக்காந்து என் சமையலைப் படிச்சுட்டு, ‘ஐயோ பாவம்’னு சொல்லவா? என் கையால அதை எழுத மாட்டேன்.” சொல்லிக்கொண்டே மதியத்துக்கு நேராக ஒரு கேரட் எழுதினாள்.

நான் தடுத்திருக்க வேண்டும். ஆனால் குழாய்க்காரர் வீட்டுப் பாதாம் என் கண்முன் வந்து நின்றது. ஒரு எழுத்தர் வீடு அதற்குக் கீழே போவதா?

“வெறும் கேரட்டா? கூட ஒரு பீட்ரூட் போடேன். நிறம் எடுக்கும்” என்றேன்.

செவ்வாய்க்கிழமை மீன் வந்தது. வியாழக்கிழமை முட்டையும் பட்டாணியும். வெள்ளிக்கிழமை இரண்டு பேருக்குமே கை நிற்கவில்லை. குச்சி எழுத்துக்கூட்டி எல்லாவற்றையும் வாசித்துவிட்டுக் கேட்டாள்: “அம்மா, வெள்ளிக்கிழமை நாம ரொம்ப நல்லா சாப்பிட்டோம்ல?”

மறுநாள் அலுவலகத்தில் கூட்டினேன். நாளொன்றுக்கு நான்கு நிறத்துக்கு மேல். விதி விதிதானே? ‘பார்வையில் கண்ட தங்கள் பதிவேட்டின்படி தங்கள் குடும்பம் போதுமான ஊட்டம் பெறுவதால், பால் அட்டைக் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது’ என்று எனக்கு நானே டைப் அடித்து, மடித்து, உறையிலிட்டுத் தபாலில் சேர்த்தேன். இரண்டு நாளில் வந்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் தாமதம் என்ற பேச்சே கிடையாது.

மனைவி படித்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

“மானத்தைக் காப்பாத்தியாச்சு. இப்ப பிள்ளையை யார் காப்பாத்தறது? நேரா உங்க அதிகாரிகிட்டப் போங்க. எழுதினதெல்லாம் பொய்யின்னு சொல்லிட்டு வாங்க.”

போனேன். அதிகாரி மேசையில் பச்சை நிறத்தில் ஏதோ ஒரு சாற்றை வைத்துக்கொண்டு, அதைக் குடிக்கவும் முடியாமல் கொட்டவும் மனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், நான் எழுதிக் குடுத்தது பொய். என் பொண்ணு மெலிஞ்சு போயிருக்கா. உண்மையில நாங்க ராத்திரி சாப்பிடறதே இல்ல சார்.”

அவர் நிமிர்ந்தார். “சாப்பிடறதே இல்லையா? எத்தனை நாளா?”

“மாசக் கடைசி பத்து, பன்னிரண்டு நாள் சார்.”

“அட! இதைக் கத்துக்கத்தான்யா நான் காசு கட்டி வகுப்புக்குப் போயிட்டிருக்கேன்! எட்டு மணியானா கை தானா பிஸ்கட் டப்பாவுக்குப் போயிடுது. சர்க்கரை?”

“தீர்ந்து போச்சு சார்.”

“விட்டுட்டீங்க! எண்ணெய்?”

“பாட்டிலைக் கவுத்து வெச்சிருக்கோம் சார். சொட்டுச் சொட்டா வருது.”

“அளவா! ரொட்டி?”

“தவிட்டு ரொட்டி சார். அதுதான் மலிவு.”

“நார்ச்சத்து! கீரை?”

“பின்பக்கச் சுவரோரம் தானா முளைக்குது சார்.”

அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “மருந்து இல்ல, உரம் இல்ல! என்னய்யா நீ, இப்படி ஒரு வாழ்க்கையை வாழ்ந்துட்டு, மீன் முட்டைன்னு கேவலமா எழுதி வெச்சிருக்கே? புதன்கிழமை சாயங்காலம் நான் நேர்லயே வர்றேன். உங்க வீட்டு இரவுச் சாப்பாட்டைப் பார்க்கணும்.”

“இரவுச் சாப்பாடு கிடையாது சார்.”

“அதைத்தான்யா பார்க்கணும்.”

அதிகாரி வரும் செய்தி தெருவுக்கு எப்படித் தெரிந்ததோ, புதன்கிழமை மாலை குழாய்க்காரர் மனைவி ஒரு கேரட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள்.

“அக்கா, இதை மேசை மேல வைங்க. பெரிய மனுஷர் வர்றப்ப வெறுமையா இருந்தா நம்ம தெருவுக்கே அசிங்கம். நாளைக்குத் திருப்பிக் குடுத்தாப் போதும்.”

“கேரட் எதுக்கு? உன் வீட்டுப் பாதாமைக் கொண்டு வந்திருக்கலாமே” என்றாள் என் மனைவி, கொஞ்சம் குத்தலாகத்தான்.

“பாதாமா? அதை நான் காலண்டர்ல பார்த்ததோட சரி.”

“அப்ப பதிவேட்டுல எழுதினது?”

“அது அண்ணன் கூட்டற பதிவேடு அக்கா. கூட்டறவங்க வீட்டுல தினம் என்னென்ன வேகுதோ! அதுல பாதியாவது நாங்க எழுத வேண்டாமா? தெருவுல எல்லாரும் அப்படித்தான்.”

உள்ளறையில் நின்று நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். “ஒன்பது வருஷமா என்னத்தைங்க கூட்டினீங்க?” என்றாள். அவமானமாக இருந்தது. மேசையடிக் கட்டுகளின் மேல் கால் வைத்துக்கொண்ட குளிர்காலமெல்லாம் ஞாபகம் வந்தது.

அவள் கேரட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேசையைத் துடைத்து வெறுமையாக வைத்தாள். “பார்க்கட்டும். கண் இருக்குல்ல அவருக்கு.”

அதிகாரி வந்தார். வெறும் மேசையின் முன்னால் உட்கார்ந்தார். ஏழு மணி, ஏழரை, எட்டு. யாரும் எதுவும் சாப்பிடவில்லை. குச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டரைக்கு அவர் பெருமூச்சு விட்டார்.

“வகுப்புல ஏசி இருக்கு, மெத்தை இருக்கு. ஆனா இந்த நிஜம் இல்லம்மா. இங்க பிஸ்கட் ஞாபகமே வரல. வீட்டுல இல்லவே இல்லைங்கறது மனசுக்கு எவ்வளவு நிம்மதி!”

“அங்க மாசம் எவ்வளவு கட்டறீங்க சார்?” என்று கேட்டாள் என் மனைவி.

அவர் சொன்னார். எங்கள் இரண்டு மாத மளிகை. என் மனைவி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, எனக்கே தெரியாத ஒரு குரலில் சொன்னாள்: “நாங்க அதுல பாதி வாங்கிக்கறோம் சார். உங்க நண்பர்களையும் கூட்டிட்டு வாங்க. சுடுதண்ணி நாங்களே தர்றோம்.”

வந்தார்கள். முதல் வாரம் நாலு பேர், மறு வாரம் பதினொன்று. எங்கள் வீடு போதாமல் குழாய்க்காரர் வீட்டிலும் எதிர்வீட்டிலும் வெறும் மேசைகள் போடப்பட்டன. ஊரின் பெரிய மனிதர்களெல்லாம் மாலையானால் எங்கள் தெருவுக்குக் காரில் வந்து, கீறல் விழுந்த மேசைகளின் முன்னால் உட்கார்ந்து, ஒன்றும் சாப்பிடாமல், காசு கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தக் காசில் தெருவுக்குப் பால் வந்தது. முட்டை வந்தது. ஒரு நாள் குழாய்க்காரர் மனைவி நிஜப் பாதாம் பத்து வாங்கி, வீட்டுக்கு ஒன்றாகக் காட்டிக்கொண்டு போனாள். குச்சி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பால் குடிப்பாள். உதட்டைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வரவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். மூன்றாம் மாதம் நர்ஸ் அவளை எடை இயந்திரத்தில் ஏற்றினார். இரண்டு கிலோ, இருநூறு கிராம் ஏறியிருந்தாள். நானும் என் மனைவியும் மருத்துவமனை வாசலிலேயே நின்று அழுதோம்.

இதற்கிடையில் அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. டைப் அடித்தவன் நான்தான். ‘நாளொன்றுக்கு இரண்டு நிறமே போதும் என்பது களஆய்வில் ஐயமற நிரூபணமாகியுள்ளதால், பொதுமக்கள் இரண்டு நிறத்தோடு நலமாக வாழுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். பால் அட்டை, இரண்டு நிறத்துக்கும் குறைந்த குடும்பங்கள் இருப்பின், அவற்றுக்கு மட்டும் வழங்கப்படும்.’ களஆய்வு என்பது எங்கள் வீடு.

அடுத்த பதிவேடு வந்தது. மனைவி பேனாவை எடுத்து, தயங்காமல் எழுதினாள். திங்கள், ரொட்டி, கீரை. செவ்வாய், ரொட்டி, கீரை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மீன் குழம்பு வாசனை வீடு முழுக்க இருந்தது.

“உள்ளதை எழுதினா நாளைக்கு எவன் காசு குடுத்து இங்க வந்து பட்டினி கிடப்பான்?” என்றாள். நியாயமாகத்தான் பட்டது. தெரு முழுக்க அப்படியே எழுதியது.

அந்த வாரத்தில்தான் பின்தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன். அவனைப் பார்த்தால் எங்கள் குச்சியின் பழைய உருவம் ஞாபகம் வரும்.

“அக்கா, உங்க தெருப் பிள்ளைங்க மட்டும் எப்படித் தேறிட்டாங்க? என்ன குடுக்கறீங்கன்னு சொல்லுங்க. எங்க தெருவுல தினம் ரொட்டியைத் தவிர ஒண்ணும் கிடையாது. கீரைகூட முளைக்கல.”

முன்னறையில் அதிகாரியும் நண்பர்களும் சுடுதண்ணீரோடு உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். “நாங்களும் ரொட்டிதான்மா சாப்பிடறோம்” என்றாள்.

அந்த நேரம் பார்த்துச் சமையலறைக் கதவு திறந்தது. சட்டத்தை மறந்து குச்சி வெளியே வந்தாள். மேலுதட்டில் வெள்ளையாக ஒரு கோடு. பின்தெருப் பெண் அதையே பார்த்தாள்.

“அது என்னக்கா?”

நான்தான் சொன்னேன்: “பல்பொடி. சாயங்காலமும் பல் தேய்ப்பா.”

அவள் நம்பிவிட்டாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. “அப்படியா அண்ணே? அதுதானா விஷயம்? இன்னைக்கே எங்க தெருவுல சொல்லிடறேன்” என்று பையனை இழுத்துக்கொண்டு வேகவேகமாகப் போனாள். என் மனைவி குச்சியின் உதட்டை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

மறு வாரம் பின்தெருப் பதிவேடுகள் மேசைக்கு வந்தன. இந்த முறை யாரும் மீன் எழுதவில்லை, பாதாம் எழுதவில்லை. ஏழு நாளும் ரொட்டி மட்டும். இரவுக்கு நேராக, ஒரு வீடு விடாமல், ஒரே வரி: ‘பல் தேய்த்தோம்.’

ரொட்டி பழுப்பு. ஒரு நிறம். ஒன்பது வருஷத்தில் முதன்முறையாகப் பால் அட்டைக்குத் தகுதியான ஒரு தெரு! காலடியில் கட்டுகள் இருந்தன. குனிந்து பிரிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் பின்தெருவுக்கு அட்டை போனால் ஏன் என்று கேள்வி வரும், கேள்வி வந்தால் விசாரணை வரும், விசாரணை வந்தால் பல் தேய்க்கச் சொன்ன எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவைத்தான் திறப்பார்கள்.

பல்பொடி வெள்ளை. வெள்ளையும் ஒரு நிறம்தான். கூட்டினேன். இரண்டு.