மதகநாட்டின் அவசர வெளியீடு

வரைபடம் வரைகிறவர்கள் இடம் விட மறந்துபோன நாடுகளில் மதகநாடும் ஒன்று. அங்கே ஓர் அருமையான வழக்கம் இருந்தது. புதுச் சட்டம் எதுவும் நேராக மூலச் சட்டத்தில் ஏறாது. மூலத்துக்கு ஒரு படி எடுத்து, புதியதை அதில் சேர்த்து, ஏதாவதொரு கிளையூரில் ஒரு போகம் நடத்திப் பார்ப்பார்கள். ஊர் பிழைத்துக்கொண்டால்தான் மூலத்தில் இணைப்பு; பிறகுதான் நாடெங்கும் பறையறைந்து வெளியீடு. இணைப்பு அதிகாரி அல்லியங்கோதை. ஒவ்வோர் இணைப்புக்கும் மூலத்தின் எண் ஒன்று கூடும்; பழைய மூலங்களையெல்லாம் எண்ணிட்டுப் பூட்டி வைத்திருந்தாள். அவள் சம்மதிக்காமல் ஒரு சொல்கூட உள்ளே போகாது. அப்படியொரு பிடிவாதம் கிடைப்பதற்கு அந்த நாடு கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

மன்னரின் முடிசூட்டு நாள் விழா நெருங்கியது. விழாவன்று இரண்டு சட்டங்களை வெளியிட்டே தீர வேண்டும் என்று பேரமைச்சர் மதிவாணர் ஒற்றைக்காலில் நின்றார். மதகுகளை இரவில் மட்டுமே திறக்க வேண்டும் என்பது ஒன்று. ஒரு கிளையூரில் அதனால் நீர் மிச்சமாகியிருந்தது. இரவில் யாரும் வெளியே வரக்கூடாது என்பது மற்றொன்று. இன்னொரு கிளையூரில் அதனால் திருட்டு ஒழிந்திருந்தது.

"தனித்தனியா ரெண்டும் நல்லாத்தான் நடந்துச்சுங்க. ரெண்டையும் சேத்து ஒரே ஊர்ல நடத்திப் பாக்கலையே ஐயா" என்றாள் அல்லி.

"நல்லதோடு நல்லது சேர்ந்தால் மிக நல்லது, அம்மணி. விழாத் தேதியை வயல்களா தீர்மானிக்கும்?" என்ற பேரமைச்சர், தாமே இணைத்துப் பறையறைவித்தார்.

மதகைத் திறக்கப் போனவர்கள் இரவில் நடமாடிய குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார்கள். போகாதவர்கள் மதகைத் திறக்காத குற்றத்துக்காகப் போனார்கள். நாற்று கருகியது. கருகுகிறது என்று யாரும் சொல்லக்கூடாது, முன்னதாகவே முதிர்கிறது என்றுதான் சொல்ல வேண்டும் என ஆணை வந்தது. அடுத்து, எது இரவு என்பதை அரண்மனையே அறிவிக்கும் என்றார்கள். அறிவிப்புக்கு முன்பே கூவிய சேவல்கள்மேல் வழக்குப் பதிவானது. கடைசியாக, பழைய சட்டத்துக்குத் திரும்பலாம் என்று பேசுவதே ராஜதுரோகம் ஆயிற்று.

அல்லி வயலைப் போய்ப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் வெயில் அடித்தால் போகமே போய்விடும். பூட்டைத் திறந்தாள். விழாவுக்கு முந்தைய மூலத்தை எடுத்து, அதன் தலைப்பில் அடுத்த எண்ணை எழுதி, மன்னர் முன் வைத்தாள். மன்னர் ஓர் ஏட்டைப் புரட்டிப் பார்த்தால் அவள் தலை போய்விடும்.

"இதில் பின்வாங்குதல் ஏதும் இல்லையே?" என்று கேட்டார் பேரமைச்சர்.

"எண்ணைப் பாருங்க ஐயா. கூடியிருக்கு."

மன்னர் எண்ணைப் பார்த்தார். பூரித்துப்போய், ஏட்டைப் புரட்டாமலே முத்திரை வைத்தார்.

மறுநாள் காலை வாய்க்கால்களில் தண்ணீர் ஓடியது. மன்னருக்குச் 'சீர்திருத்தச் செம்மல்' என்ற பட்டம் கிடைத்தது. சிறையிலிருந்து வந்தவர்களே பல்லக்கைத் தூக்கினார்கள்.

படிக்காமல் முத்திரை வைக்கிற அரசு அது. அல்லி நினைத்திருந்தால் அந்த ஏட்டில் தன்னையே அரசியாக எழுதிக்கொண்டிருக்கலாம். அவளோ, பகலில் மதகைத் திறக்கலாம் என்று பழைய மூலத்தில் இருந்த வரியை, இருந்தபடியே விட்டிருந்தாள்.