நிமிடத்துக்கு நூற்று நாலரை

சுற்றறிக்கை எழுதிய கனவானே, இந்தக் கல்யாணத்தைக் கெடுத்தது நீர்தான். "கல்யாணப் பாட்டின் கண்ணியமானது நிமிடத்துக்கு நூறு தட்டுக்குள் அடங்குதல் வேண்டும்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, நீர் பாட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டீர்.

கெய்ரோவின் மதரிய்யா பேட்டையில் கம்ப்யூட்டரில் கல்யாணப் பாட்டு செய்து பிழைக்கிறவன் ஹம்தி. தங்கை நிஹால் மணப்பெண்ணாகப் படியிறங்கி வர ஒரு பாட்டு செய்திருந்தான். அவளை வீட்டுப் படியில் பத்துத் தரம் இறங்கவிட்டு, திரையில் வேகத்தைப் புள்ளி புள்ளியாக நகர்த்தினான். நூற்று நாலில் தூங்கி வழிந்தாள். நூற்றைந்தில் செருப்பு கழன்றது. நூற்று நாலரையில் ராணி மாதிரி இறங்கினாள்.

அனுமதிச் சீட்டில்லாத பாட்டை மண்டபக்காரர் போடமாட்டார். வியாழன் கல்யாணம், புதன்கிழமை ஹம்தி இசை ஒழுங்கு அலுவலகத்தில் நின்றான்.

"தொண்ணூறு தரேன்" என்றார் எழுத்தர் உஸ்தாத் ஃபிக்ரி.

"நூறு வரைக்கும் சட்டமே இருக்கே, உஸ்தாத்?"

"இருந்தா? எடுத்ததும் தூக்கிக் குடுத்துடுவாங்களா?"

"இது ஜனாஸா ஊர்வலம் இல்ல, கல்யாணம்! தொண்ணூத்தொம்பது."

"தொண்ணூத்தஞ்சு. டீ குடி."

"டீயை நீங்களே குடிங்க. தொண்ணூத்தெட்டு!"

"தொண்ணூத்தேழே கால். அந்தக் கால் உன் தங்கைக்காக."

முத்திரை விழுந்தது.

மறுநாள் பாட்டு தொண்ணூற்றேழே காலில் ஊர்ந்தது. மேல்படியில் நிஹாலின் கால் அந்தரத்தில் தொங்கியது. பொறுக்க முடியாமல் சொந்தக்காரர்கள் கைதட்டத் தொடங்கினார்கள், சரியாக நூற்று நாலரையில். நிஹால் சிரித்தபடி நாலு படி இறங்கிவிட்டாள்.

"நிறுத்துங்க!" வேகத்தைச் சோதிக்க வந்திருந்த ஃபிக்ரி கடிகாரத்தோடு மேடையேறினார். "பாட்டு சட்டப்படி இருக்கு. கைதட்டுக்கு அனுமதி எங்கே?"

"உங்க கால்கூடத்தான் தாளம் போடுது, உஸ்தாத்!" என்று படியிலிருந்து கத்தினாள் நிஹால்.

"பணியிலிருக்கும் காலுக்கு விலக்கு உண்டு" என்று படிவக் கட்டைப் பிரித்தார். "ஆளுக்கொரு விண்ணப்பம். மணப்பெண் அசையக் கூடாது."

இருநூறு பேரும் திரண்டு அவரை விரட்டியிருக்கலாம். வரிசையில் நின்றார்கள்.

"மச்சானுக்குத் தொண்ணூத்தெட்டு, எனக்குத் தொண்ணூத்தாறா? மாப்பிள்ளைக்குச் சித்தப்பா நான்!"

"எங்க வீட்டுக்கு மொத்தமா எடுத்துக்கறோம், ஒரு அரை சேத்துப் போடுங்க!"

வரிசையில் முதல் ஆள் யார் என்கிறீர்? ஹம்தி. "புதன்கிழமையிலிருந்து வாடிக்கை, உஸ்தாத். முக்காலாவது கூட்டுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறான்.

கனவானே, கையைக் கழுவிவிட்டு உடனே புறப்பட்டு வாரும். அந்தப் பெண் நாலாம் படியில் ஒற்றைக் காலில் நிற்கிறாள். மற்றக் காலை ஐந்தாம் படியில் வைக்க உம் கையாலேயே உத்தரவு போட்டுக் கொடும்!